எட்டாம் கேள்வி

அத்தியாயம் பதினான்கு

முத்துக்கனி கேட்டுக்கொண்டதால்தான் அந்தத் தெருப் பெண்கள் சம்மதித்தார்கள். அதை யாரும் மறந்துவிடக் கூடாது.

உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் இந்துஜாவின் ஆய்வுக்கு ரத்தம் வேண்டியிருந்தது. ஊசி என்றாலே ஓடி ஒளிகிற பெண்களை வீடுவீடாகப் போய் அழைத்துவந்து, முதலில் தன் கையை நீட்டிக் காட்டியவள் முத்துக்கனி. அடுத்த வீட்டு சபிதா, முத்துக்கனியின் கணவனுக்கு அண்ணன் மகள். அவளும் அதே கல்லூரியில் உளவியல் மூன்றாம் ஆண்டு. அவளுடைய ஆய்வுக்கு இருபது கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்கும் தெருவைத் திரட்டிக் கொடுத்தவள் முத்துக்கனிதான்.

"பிள்ளையளு படிப்புக்குக் கேக்குதுவ. பதில் சொன்னா நமக்கு என்னத்த கொறஞ்சுபோவும்?" என்று சொல்லித்தான் எல்லாரையும் உட்கார வைத்தாள்.

என்ன குறைந்துபோகும் என்பது இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது.

ஞாயிறுதோறும் அந்த ஊரில் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலில், உச்சிப்படிப்பு என்னும் நண்பகல் வழிபாடு முடிந்ததும் பயறு கஞ்சி கொடுப்பார்கள். அய்யாவின் பெயரால் நடக்கிற தருமம். யார் எவர் என்று கேட்காமல் வந்தவர் எல்லாருக்கும் ஊற்றுவார்கள். பல வருடங்களாக அந்தக் கஞ்சியைக் கிண்டுகிற கை முத்துக்கனியின் கை. குளித்து, ஈரத்தலையைத் துண்டால் முடிந்து, நெற்றியில் நாமம் இட்டு அடுப்படிக்குள் போனாளென்றால், கஞ்சியை இறக்கும்வரை யார் கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டாள்.

அன்று அவள் தேங்காய்த் துருவலோடு உள்ளே நுழைந்தபோது மரத்துடுப்பு வேறொருத்தி கையில் இருந்தது. சபிதாவின் அம்மா தங்கபுஷ்பம் உருளியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அக்கா, நீங்க எதுக்கு? முட்டுவலியோட நிக்கிய. இங்க தாங்க."

"அவளே கிண்டட்டும் முத்துக்கனி" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

தலைப்பாகை கட்டி நின்ற சுயம்புராஜ். முத்துக்கனியின் கணவனுக்கு அண்ணன், சபிதாவின் அப்பா, தாங்கல் கமிட்டித் தலைவர்.

"நான் வரப் பிந்திப்போச்சா அத்தான்?"

"பிந்தல்ல. நீ இனி கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு."

"எனக்கு என்ன? நல்லாத்தானே இருக்கேன்."

"அது ஒனக்குத் தெரியாது பாத்துக்க. பத்துப்பேரு வந்து திங்கிற எடம்."

முத்துக்கனிக்கு ஒன்றும் புரியவில்லை. தாயின் பின்னால் தேங்காய்ச் சாக்கோடு நின்ற இந்துஜாவுக்கும் புரியவில்லை.

"அப்போ பாத்திரமாவது கழுவட்டா?"

"அதுக்கும் ஆளு சொல்லியாச்சு."

அந்த நேரம் பார்த்து, அதே தெரு ரெஜிஷாவின் சின்னப் பெண் ஓடிவந்து, வழக்கம்போல "அத்தே" என்று முத்துக்கனியின் சேலையைப் பிடித்தது. ரெஜிஷா பாய்ந்து வந்து பிள்ளையின் கையைப் பறித்து இழுத்தாள். "அங்க போவாத" என்று பிள்ளையிடம்தான் சொன்னாள். ஆனால் அடுப்படியில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது.

முத்துக்கனி துருவல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஈரச்சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். இந்துஜா வாய் திறக்கப் போனாள்.

"தாங்கல் முற்றத்துல வச்சு சத்தம் போடாத மக்ளே" என்றாள் தாய். அவ்வளவுதான். வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள்.

இந்துஜா போகவில்லை. ரெஜிஷாவைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்கம்மைக்கு என்ன, தொத்து வியாதியா? பிள்ளைய அப்பிடிப் பறிக்கிய?"

"கோவப்படாத இந்து. எனக்கும் வெசனமாத்தான் இருக்கு. ஆனா பிள்ளை வச்சிருக்கேன்லா."

"என்னன்னு சொல்லும்."

ரெஜிஷா குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க சபிதா பரீட்சை வச்சுப் பாத்தால்லா. எல்லாருக்கும் ஒண்ணும் இல்லியாம். ஒங்கம்மைக்கு மட்டும் மனசுச் சோக்கேடுன்னு வந்திருக்காம். தலைவரே சொன்னாரு. கஞ்சில கண்டதையும் அள்ளிப் போட்டா என்ன செய்யது?"

இந்துஜாவுக்குக் காது இரண்டும் சூடேறிப்போயின. கல்யாண வீடோ சாவு வீடோ, இந்தத் தெருவில் முத்துக்கனியின் கையால் வாங்கிச் சாப்பிடாத ஒருத்தி உண்டா? இதே ரெஜிஷா பிள்ளை பெற்றுக் கிடந்தபோது பத்தியச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது யார்?

கேட்கவில்லை. கேட்டால் அழுகை வந்துவிடும் என்று பயந்து, நேராகச் சபிதாவின் வீட்டுக்கு நடந்தாள்.

சபிதா கட்டிலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"வா இந்து. இந்த ஸ்லைடுல எழுத்து ரொம்பப் பெருசா இருக்கா பாரு."

"எங்கம்மைக்குக் கிறுக்குன்னு யாருட்டி சொன்னது?"

சபிதாவின் முகம் வெளுத்தது. "நான் அப்பிடிச் சொல்லவே இல்ல. 'மனநலப் பாதிப்புக்கான வாய்ப்பு அதிகம்'னுதான் எழுதிருக்கேன். பேரும் போடல்ல. பங்கேற்பாளர் இருபத்தி மூணுன்னு..."

"பின்ன ஊருக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"நேத்து பிரசண்டேஷன் பேசிப் பாத்தேன். அப்பா டிவி பாத்துட்டு இருந்தாவ. நான் பேசுனது முழுக்க இங்கிலீஷ்தான் இந்து! அவியளுக்குப் புரிஞ்சது மூணு வார்த்த. மென்டல், ரிஸ்க், குக்கிங்."

இந்துஜா கணினியைத் திருப்பிப் படித்தாள். வயது நாற்பத்தாறு. திருமணமானவர். ஒரே மகள் பட்டப்படிப்பில். கிராமத்து வழிபாட்டுத் தலமொன்றில் வாரம் ஒருமுறை சமையல் செய்கிறார்.

"இதுக்குப் பேரு வேற போடணுமா? ஆதார் நம்பரையும் சேத்து எழுதிருக்கலாமே!"

சபிதா கணினியை மூடினாள்.

"அப்பிடி என்னட்டி சொன்னா எங்கம்ம?"

சபிதா கேள்வித்தாளை எடுத்துக் கொடுத்தாள். எட்டாம் கேள்வியில் விரலை வைத்தாள். 'பிறர் காதுக்குக் கேட்காத குரல் உங்களுக்கு மட்டும் கேட்பதுண்டா?'

"சித்தி 'ஆமா மக்கா, அய்யா பேசுவாரு'ன்னு சொன்னாவ. 'எப்பவாவதா, அடிக்கடியா'ன்னு கேட்டேன். 'எப்பவும்தான்'னு சொன்னாவ. அதுக்கு முழு மார்க்கு. இன்னொரு கேள்வி, மேலிடத்துலேந்து ஒங்களுக்குன்னு ஒரு பொறுப்பு தந்திருக்கதா நெனைக்கியளான்னு. 'தந்திருக்காருல்லா, இந்தக் கஞ்சி கிண்டுறது'ன்னு சிரிச்சாவ. அதுக்கும் முழு மார்க்கு."

"மத்தவளுவ?"

"எல்லாரும் 'இல்ல'."

"நம்ம தெருவுலயா? விடிஞ்சு எந்திரிச்சா 'அய்யா சொன்னாரு, அய்யா சொன்னாரு'ன்னு பேசுத தெருவுலயா?"

"தாளுக்கு மேல சைக்காலஜின்னு போட்டிருந்துதுல்லா. பயந்துட்டாளுவ. எதுக்கு வம்புன்னு எல்லாத்துக்கும் இல்லன்னு டிக் அடிச்சுக் குடுத்துட்டாளுவ."

பயந்து பொய் சொன்னவர்கள் எல்லாருக்கும் நல்ல மனம். அய்யாவின் முன்னால் நிற்பதுபோல் நினைத்து உள்ளதைச் சொன்ன ஒருத்திக்கு மனநோய்! இந்துஜாவுக்குக் கேள்வித்தாளைச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது.

"எங்க லேபுல ரத்தத்த அப்பிடியே மெஷின்ல வச்சு அளக்க மாட்டோம், தெரியுமா? மொதல்ல ரத்தமே இல்லாம, வெறும் மருந்து மட்டும் ஒரு குழாய்ல வைப்போம். அதுக்குப் பேரு பிளாங்க். மருந்துக்கே ஒரு நெறம் உண்டு. அந்த நெறத்தக் கழிச்சாத்தான் ரத்தத்தோட அளவு கிட்டும். இல்லாட்டி மருந்தோட நெறத்தையும் ரத்தத்து மேல ஏத்திருவோம். நம்ம ஊருக்குன்னு ஒரு நெறம் இருக்குட்டி. அத நீ கழிக்கவே இல்ல."

"கேள்விய நானா உண்டாக்குனேன்? வெளிநாட்டுக் கேள்வித்தாளு. காலேஜுல எங்க மேடம் தமிழ்ல மாத்தித் தந்தாவ. அதிக மார்க்கு வந்த ஆளக் கேஸ் ஸ்டடியா எழுதுன்னும் அவியதான் சொன்னாவ." சபிதாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீ மட்டும் என்ன பெரிய யோக்கியமா? தெருவுல இத்தன பேருகிட்ட ரத்தம் எடுத்தியே, ஒருத்திகிட்டயாவது ரிசல்ட்டச் சொன்னியா?"

சொல்லவில்லைதான். எத்தனையோ பேருக்கு ரத்தம் குறைவு. அதையெல்லாம் வரைபடமாகப் போட்டு வழவழ தாளில் அச்சடிக்கத் தெரிந்தவளுக்கு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

"சொல்லல்ல" என்றாள். "அது என் தப்பு. இன்னைக்கே போய்ச் சொல்லுவேன். நீ என்ன செய்யப்போற?"

சபிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு சித்தி எனக்கு மரச்சீனிக் கிழங்கு அவிச்சுத் தந்தாவ. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடிச்சுட்டு, 'செரியாச் சொல்லிருக்கேனா மக்கா? ஒனக்கு மார்க்கு கிட்டுமா?'ன்னு கேட்டாவ." சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது. "நான், 'சூப்பர் சித்தி'ன்னு சொன்னேன் இந்து."

இருவரும் அழுதார்கள். முதலில் கண்ணைத் துடைத்தவள் இந்துஜா.

"தாள எடு. இன்னும் ஒரு ஆளுகிட்ட கேக்கணும்."

"யாருகிட்ட?"

"ஒங்கப்பாகிட்ட."

உச்சிப்படிப்பு முடிந்து பந்தி உட்கார்ந்திருந்தது. கஞ்சி இன்னும் வரவில்லை. சுயம்புராஜ் வரிசைக்கு நடுவே நின்று, இடைவெளி விட்டு உட்கார்ந்தவர்களை நெருக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு ஒரு ஆளு கொறையுது. ரெண்டு கேள்வி கேக்கட்டா?" என்றாள் சபிதா.

"இப்பமா? செரி, கஞ்சி வரும்வர கேளு."

பந்தி காது கொடுத்தது. காத்திருக்கிற பந்திக்கு வேறு என்ன வேலை?

"மத்தவங்களுக்குக் கேக்காத கொரலு ஒங்களுக்கு மட்டும் கேட்டதுண்டா?"

சுயம்புராஜின் நெஞ்சு நிமிர்ந்தது. "கேக்காம? இந்தக் கொடிமரம் எப்பிடி வந்துதுன்னு நெனைக்க? பேச்சிப்பாறைப் பக்கம் போயி மரத்தப் பாத்துட்டு, வேண்டாம்னு திரும்பி வாறேன். பஸ்ஸுக்குள்ள எங்காதுல தெளிவா ஒரு சத்தம். 'சுயம்பு, அந்த மரத்த விடாத.' பக்கத்துல இருந்தவன் வாயத் தொறந்து தூங்கிட்டு இருக்கான். அப்போ சொன்னது யாரு?"

"அய்யாதான்" என்றது பந்தி.

"எனக்கும் ஒருக்க அப்பிடித்தான்" என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். "எம்பிள்ளைக்கு காய்ச்சல் முத்திக் கெடந்தப்போ எனக்கும் கேட்டுது" என்றாள் ரெஜிஷா. தாளில் 'இல்லை' என்று குறித்துக் கொடுத்த அதே ரெஜிஷா.

"எப்பவாவதா அப்பா, அடிக்கடியா?"

"எப்பவும்தான்! இல்லாட்டி ஒத்தைக்கு நின்னு இந்தத் தாங்கல நடத்திருக்க முடியுமா?"

"மேலேந்து ஒங்களுக்குன்னு ஒரு பொறுப்பு தந்திருக்கதா நெனைக்கியளா?"

"பின்ன, தலைவர்னு சும்மாவா நிக்கேன்?"

சபிதா தாளை அவர் பக்கம் நீட்டினாள். "அப்பா, சித்தி சொன்னதும் இதேதான். இந்த ரெண்டு பதிலுக்காவத்தான் அவியளுக்கு மார்க்கு ஏறிச்சு. மனசுச் சோக்கேடுன்னு நீங்க ஊருல சொன்னது இதத்தான். ஒங்களுக்கும் அதே மார்க்கு."

பந்தி ஓரத்திலிருந்து யாரோ ஒருவர், "அப்போ தலைவரும் ரெஸ்ட் எடுக்கண்டாமா?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததும் அடங்கினார்.

சுயம்புராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லாத்தையும் ஒண்ணாக் கெட்டாத. நான் சொன்னது பக்தி."

"எங்கம்ம சொன்னது?" என்று கேட்டாள் இந்துஜா.

அவர் தலைப்பாகையைச் சரிசெய்தார்.

"அய்யா ஆளு பாத்தா பேசுவாரு பெரியப்பா? தலைவருக்குப் பேசுனா பக்தி, கஞ்சி கிண்டுறவளுக்குப் பேசுனா கிறுக்கா? ஒரு வார்த்த எங்கம்மைகிட்ட கேட்டியளா? போன வாரம்வர எங்கம்ம கையால குடிச்ச கஞ்சி யாருக்கு என்ன செஞ்சுது?"

சத்தம் போடாதே என்று தாய் சொன்னது நினைவில் இருந்தது. அதனால் சத்தம் போடாமல்தான் கேட்டாள். ஆனாலும் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

அதற்குள் அடுப்படியிலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது. தங்கபுஷ்பம் துடுப்போடு வெளியே வந்தாள். "அடி பிடிச்சுப்போச்சு. எனக்குக் கை வராதுன்னு காலையிலேயே சொன்னேன். யாரு கேட்டா? அவளக் கூட்டிட்டு வாங்க யாராவது" என்றாள். கணவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவர் அசையவில்லை. எழுந்து போனவள் ரெஜிஷா. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனாள். முத்துக்கனியிடம் என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, நமக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பிள்ளை முத்துக்கனியின் இடுப்பில் இருந்தது. ரெஜிஷா முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

முத்துக்கனி யாரையும் பார்க்கவில்லை. உருளியின் அடியைச் சுரண்டாமல் மேலாக அள்ளி வேறு பாத்திரத்தில் மாற்றினாள். தேங்காய்ப்பாலை ஊற்றி ஒரு கொதி விட்டாள். கருகல் வாசனை அடங்கியதும் தானே பந்திக்குக் கொண்டுவந்தாள். வரிசையில் கடைசியாக உட்கார்ந்த சுயம்புராஜின் முன்னாலும் குனிந்து ஊற்றினாள்.

"உப்பு பாருங்க அத்தான்."

"செரியா இருக்கு."

பார்க்காமலேயே சொன்னார். மனிதன் சொல்லவேண்டிய வார்த்தை அதுவா? தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவருடைய தலைப்பாகை அவிழ்ந்துவிடுமா? இந்துஜாவின் மனம் ஆறவே இல்லை.

சாயங்காலம் கிணற்றடியில் முத்துக்கனியும் இரண்டு பெண்களும் பாத்திரம் கழுவினார்கள். இந்துஜா தெருவில் பாதி வீடுகளுக்குப் போய், ரத்தம் குறைந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சபிதா உருளியின் அடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது வெளுத்த பிறகும் தேய்த்தாள்.

"கையி போயிரும்டி, விடு" என்றாள் முத்துக்கனி.

"சித்தி, நான் இன்னும் ஒண்ணு சொல்லல்ல." சபிதா எழுந்து நின்றாள். "நாளைக்குக் காலேஜுல கண்காட்சி. என் ஆய்வப் பெரிய போஸ்டரா அடிச்சு செவுத்துல ஒட்டப்போறாவ. வெளியூருலேந்தெல்லாம் ஆளு வருது. அதுல ஒங்க போட்டோ இருக்கு. கஞ்சி கிண்டும்போ பின்னால நின்னு எடுத்தேன். மொகம் தெரியாது, முதுகு மட்டுந்தான்."

"ஏட்டி!" என்று சீறினாள் இந்துஜா.

"இப்பம் மேடத்துக்குப் போன் அடிச்சேன். எல்லாத்தையும் சொல்லி, எடுத்துருங்கன்னு கெஞ்சினேன். 'அச்சடிச்சு வந்தாச்சு. பேரு போடலியே, பின்ன என்ன? கிராமத்து அம்மா ஒருத்தருக்காகக் கண்காட்சிய நிறுத்த முடியுமா?'ன்னு கேட்டாவ. சொல்லிட்டு வச்சுட்டாவ."

கிராமத்து அம்மா ஒருத்தர்! அந்த ஒருத்தி கேட்டுக்கொண்டதால்தான் அந்த ஆய்வுக்கு ஆளே கிடைத்தது. இந்துஜா கையிலிருந்த செம்பைக் கல்லில் வைத்த வேகத்தில் அது உருண்டு ஓடியது.

"லோடு போயிருக்க எங்கப்பாகிட்ட சொல்லுவோம். அப்பா வந்து கேக்கட்டும்."

"வேண்டாம். வாழைக்குலை ஏத்திட்டு வண்டி ஓட்டிட்டு வாற மனுசன். இப்பம் போன்ல சொல்லாத" என்றாள் முத்துக்கனி.

சபிதாதான் மெல்லக் கேட்டாள்.

"சித்தி, அந்தக் கொரலு ஒங்ககிட்ட என்னதான் சொல்லும்? அன்னைக்கு நான் கேக்கவே இல்ல. தாள்ல அதுக்கு எடமும் இல்ல."

முத்துக்கனி கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். "பெருசா ஒண்ணும் சொல்லாது மக்கா. 'அந்தக் கெழவன் காலையிலேந்து ஒண்ணும் குடிக்கல்ல, பாரு'ம்பாரு. 'அவகிட்ட மொகம் குடுத்துப் பேசு'ம்பாரு. அவ்வளவுதான்."

"இப்பம் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டாள் இந்துஜா. கோபம் தணியாத குரலில்தான் கேட்டாள்.

கழுவிய பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள் முத்துக்கனி. முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"நாளைக்கு எந்த பஸ்ஸுக்குட்டி போவிய?"

"எதுக்கும்மா?"

"எம்முதுகத்தானே செவுத்துல மாட்டப்போறாவ. எம்மொகத்த அந்த மேடம் பாக்கல்லியே. நானும் வாறேன்."